நானுஓயாவில் அழித்த பட்டியல்

தம்பி நிரோஷன்,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பந்தல்காரரோடு போட வேண்டிய சண்டையைப் போட்டு முடித்துவிட்டேன். கேக் டப்பாக்கள் வந்துவிட்டன. இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் பேசினால் நான் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், உனக்கே தெரியும். பத்து வருடமாக ஊராருக்கெல்லாம் போன் நம்பர் அடித்துக் கொடுத்தே பிழைத்தவள், தன் சொந்த விஷயத்தைச் சொல்லக் காகிதம் தேடுகிறாள் பார். நானுஓயாவில் அந்தப் பழைய கம்ப்யூட்டரை நீ துடைத்த நாளைப் பற்றி எழுத வேண்டும். உனக்கு அது லீவில் செய்த ஒரு நாள் வேலை. எனக்கு அந்தப் பிரமிப்பு இன்னும் தீரவில்லை. அந்த நாளில் உனக்குத் தெரியாத ஒரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை மாதா கோவில் பீடத்தின் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நேராக அதற்கு வரவும் தைரியம் இல்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உன் அப்பா இறந்த மறு வருடம் ஹட்டனில் அந்தக் கடையை எடுத்தேன். ஒரு டெலிபோன், ஒரு போட்டோகாப்பி மெஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வைக்க வேறு பெயரே தோன்றவில்லை. 'நிரோஷன் கம்யூனிகேஷன்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு எழுதி மாட்டினேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடுவாய். இரண்டாயிரம் பிறந்த பிறகு கம்ப்யூட்டர் வந்தது, இன்டர்நெட் வந்தது. கொழும்பில் தையல் ஃபாக்டரியிலும் கடைகளிலும், அரபு நாடுகளில் வீட்டு வேலையிலும் இருந்த பிள்ளைகளுக்கு மெயில் அனுப்ப, தேயிலைத் தோட்டத்திலிருந்து சனம் வர ஆரம்பித்தது. கொழுந்துப் பையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கோவிலுக்குள் வருவதுபோல வருவார்கள்.

அவர்களில் ஒருவரும் கடவுச்சொல்லை ஒளித்ததே இல்லை. அதுதான் நம் ஆட்களின் தனிக் குணம். லயத்து வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். இங்கே தும்மினால் அங்கிருந்து "நூறு வயசு" என்று சொல்வார்கள். அப்படி வாழ்ந்த சனத்திடம், இது உனக்கு மட்டும் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள். "நீங்களே வச்சுக்குங்கக்கா, நான் எங்க கொண்டு போயி வைப்பேன்" என்பார்கள். டயகமவிலிருந்து ஒரு பெரியவர் வருவார். கதவைத் திறக்கும்போதே "தங்கச்சி, என் பாஸ்வேர்ட் என்னா?" என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தம் போடுவார். நானும் அதே சத்தத்தில் சொல்வேன். பிறந்து மூன்றாம் நாள் செத்துப்போன பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயர் அது. அவர் வீட்டுக்காரிகூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லையாம். இன்னொருத்தி, தான் முதன்முதலாகக் கொழுந்தெடுத்த மலையின் நம்பரை வைத்திருந்தாள். வேறொருவர், தாத்தா கப்பலேறி வந்த இந்தியக் கிராமத்தின் பெயரை, எழுத்து சரியா தப்பா என்றுகூடத் தெரியாமல் வைத்திருந்தார். இரகசியம் இல்லாத சனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் கேட்டதும் இதயத்துக்குள்ளே கையை விட்டு எடுத்துத் தந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். நீ ஏ.எல். பரீட்சை முடித்த வருடம் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் புரோகிராம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாய். எல்லாவற்றையும் திறக்க ஒரேயொரு பெரிய சொல் இருந்தால் போதும் என்றாய். "நான் பாக்க மாட்டேன், கொப்பிய வச்சுக்கிட்டு நீங்களே அடிங்கம்மா" என்று எழுந்து வெளியே போனாய். இரண்டு விரலால் தட்டித் தட்டி நாலு நாளில் நூற்றுச் சொச்சம் பெயரை ஏற்றினேன். பிறகு கொப்பியை அடுப்பில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் மரகதம் என்று ஒரு பெண் இருந்தாள். அவளை நீ பார்த்ததில்லை. வலப்பனைப் பக்கத்துப் பிள்ளை. நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறவனைக் கட்டியிருந்தாள். அவன் அடித்த அடியில் ஒரு காது கேட்காமல் போனது. ஒரு நாள் கைப்பையோடு ஹட்டனுக்கு வந்து, கொழும்பு ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது என் கடையில் ஏறினாள். அவளுக்கு ஒரு மெயில் முகவரி செய்து கொடுத்தேன். கொழும்பில் எந்த போர்டிங்கில் இருக்கிறாள், எந்த ஃபாக்டரி என்பதெல்லாம் அந்த மெயிலில் மட்டும்தான் இருந்தது. மாதம் ஒரு முறை அவள் அம்மா வருவாள், நான் வாசித்துக் காட்டுவேன். புருஷன் இரண்டு தோட்டத்தில் விசாரித்து, அவள் கூடப்பிறந்தவனை ஸ்டேஷன் வாசலில் சட்டையைப் பிடித்து உலுக்கியும் பார்த்துவிட்டான். இடம் மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தால் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நீ கொழும்பில் வேலைக்குப் போய் இரண்டாம் வருடம், நான் புதிய கம்ப்யூட்டர் வாங்கினேன். பழையதை நானுஓயாவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும், எல்லோரும் பாஸ் என்று கூப்பிடும் சிங்களக்காரருக்கு விற்றேன். விற்பதற்கு முன்னால் ஒழுங்காகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். அந்தப் புரோகிராமை அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அதற்கு அடுத்த வாரம் நீ ஈஸ்டர் லீவுக்கு வந்தாய். காலைச் சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னேன். ரொட்டியைப் பிய்த்த உன் கை அப்படியே நின்றுவிட்டது.

"அழிச்சிட்டேன்னு எதவச்சு சொல்றீங்க?"

"கண்ணால பாத்தேன் தம்பி. ஒண்ணுமே இல்ல, மொட்டையா இருந்துச்சு."

"நீங்க கவ்வாத்துதாம்மா வெட்டியிருக்கீங்க. வேரு அப்படியே கெடக்கு."

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சியாக நிற்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் மலையே செத்துவிட்டது என்பான். மூன்று மாதத்தில் துளிர் வந்து நிற்கும். நீ அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் மீதியை விளக்கச் சொல்லிக் கேட்டேன். கம்ப்யூட்டர் ஒரு கோப்பை அழிக்கும்போது அது இருக்கும் இடத்தின் விலாசத்தை மட்டும்தான் மறந்துபோகிறதாம், கோப்பு அங்கேயே கிடக்குமாம். ஒரு சின்ன புரோகிராம் போட்டால் ஒரு மணி நேரத்தில் தோண்டி எடுத்துவிடலாமாம். பூட்டித்தானே வைத்திருக்கிறேன் என்றேன். பெரிய சொல் என்ன என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் நீயே கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது. "அம்மா, கடை பேரா?" என்றாய். ஊரில் உள்ள அத்தனை பேரின் பூட்டுக்கும் உரிய சாவியைச் சிவப்பு எழுத்தில் எழுதி, பஸ்ஸில் போகிறவனும் படிக்கும்படி வாசலில் மாட்டியிருந்தவள் உன் அம்மா. நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பை எங்கே என்று கேட்டாய்.

ரயிலில்தான் எனக்கு மரகதத்தின் புருஷன் ஞாபகம் வந்தான். நானுஓயா ஸ்டேஷன், வேன், பக்கத்திலேயே பாஸின் கடை. உன்னிடம் சொன்னேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த உன் விரல்கள் வெளுத்துப்போயின. நாம் போய்ச் சேர்ந்தபோது, ஸ்டேஷனில் நான் முன்பே பார்த்திருந்த அவனுடைய வேன் கடை வாசலிலேயே நின்றது. அவன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தான். மேசை மேலே என் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடந்தது. விற்றதைத் திருப்பிக் கேட்டால் சந்தேகம் வரும், கேட்காவிட்டால் அந்தப் பெண்ணின் உயிர் போய்விடும். நீ நிதானமாக பாஸிடம் சிங்களத்தில் பேசினாய். இது பழைய மெஷின், உள்ளே குப்பை நிறைய இருக்கிறது, அம்மா அப்படியே கொடுத்துவிட்டார், எனக்கு இன்று லீவு, சும்மாதான் இருக்கிறேன், புதிதுபோலச் சுத்தம் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றாய். இலவசமாக வேலை செய்து தருகிறேன் என்றால் எந்த பாஸ் வேண்டாம் என்பார்? தன் நாற்காலியையே எழுந்து உனக்குக் கொடுத்தார்.

பதுளைப் பக்கம் போகிற ரயில் வந்தது. சனம் இறங்கியது. அவன் ஆள் பிடிக்க வெளியே ஓடினான். பாஸும் சாப்பிடப் போனார். நீ பையிலிருந்து சீடியைப் போட்டு என்னவோ செய்தாய். அரை மணி நேரத்தில், நான் அழித்த பட்டியல் ஒரு எழுத்துக் குறையாமல், பூட்டோடு எழுந்து வந்து நின்றது. பெரிய சொல்லைக் கேட்கும் பெட்டி வந்ததும் நீ எழுந்துவிட்டாய். "யார் யார் பேரு இருக்குன்னு எழுதிக்குங்கம்மா. பேரு மட்டும். அவங்க எல்லாரும் வந்து பாஸ்வேர்ட மாத்தணும். தொடைக்கிறது பாதி வேலதான், ஏற்கனவே எவனாச்சும் பாத்திருந்தா?" என்றாய். சொல்லிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி வைத்து, சுவரைப் பார்த்து நின்றாய்.

தம்பி, நான் பூசையில் எத்தனையோ தடவை முழந்தாளிட்டிருக்கிறேன். அந்த ரிப்பேர் கடையில் எனக்கு வந்த பயபக்தி அங்கே வந்ததில்லை. சுவரில் ஒன்றுமே இல்லை, ஒரு பழைய கலண்டரும் ஈயம் பற்றவைத்த கரியும்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாய். நூற்றுச் சொச்சம் பேரின் உள்மனசு உனக்கு ஓரடி பின்னால் விரிந்து கிடந்தது. அவர்களில் ஒருவரும் உனக்கு உறவில்லை. பார்த்தாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இதை உனக்கு நான் சொல்லித் தரவில்லை. நான் சத்தம் போட்டுச் சொல்லித்தான் பழகியவள். யாரிடம் கற்றாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பெயர்களை எழுதி முடித்ததும் துடைப்பதைத் தொடங்கினாய். அது எல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். "எங்கயும் போகாதும்மா. அது மேலயே வேற எழுதுறோம். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வெறும் சைபரு" என்றாய். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று நம்பர் ஏறியது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வாயைப் பிளந்தேன். செத்த பிள்ளையின் பெயர் மேலும் சைபர், கப்பலேறிய ஊரின் மேலும் சைபர். அழிப்பதற்கு இவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. எழுதுவதற்கு நாலு நாள் எடுத்தேன், அழிக்க ஒரு விநாடி போதும் என்று நினைத்திருந்தேன்.

பாதி ஓடியிருக்கும்போது வேன்காரன் திரும்பி வந்தான். மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான்.

"என்னா தம்பி, படமே வரல? நம்பரு மட்டும் ஓடுது?"

"சுத்தம் பண்றோம் அண்ணே. நேரம் எடுக்கும்."

அவனும் நம்மோடு சேர்ந்து அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது. அறுபத்தொன்று. பிறகு என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க ஹட்டன்ல கம்யூனிகேஷன் வச்சிருக்கவங்கதானே? எம் பொஞ்சாதி மெயிலு போடுறாளாம். ஒங்க கடையில யாராச்சும் பாக்குறாங்களா? ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டான். குரலில் சண்டை இல்லை, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். நீ திரும்பவே இல்லை. நான் பொய்தான் சொன்னேன், ஆனால் நம்பர் ஏற ஏற, அவன் கைக்கெட்டிய அந்த மெஷினைப் பொறுத்தவரை அது உண்மையாகிக்கொண்டு வந்தது. நூறு என்று வந்தபோது அவன் அடுத்த ரயிலுக்குப் போயிருந்தான். நீ எழுந்து நின்று முதுகை நிமிர்த்தினாய். சட்டை முழுக்க வியர்த்திருந்தது, நானுஓயாக் குளிரில்.

வீட்டுக்கு வந்தும் நீ விடவில்லை. வேறு எங்காவது காப்பி இருக்கிறதா என்று கேட்டாய். மேசை டிராயரில் ஒரு பிளாப்பி டிஸ்க் இருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டினாய். அன்று பின்னேரமே மரகதத்துக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஒரு கடையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அவளே புதுச் சொல் வைத்தாள். வைத்து முடித்ததும் பழக்க தோஷத்தில் "அக்கா, என்னா வச்சேன்னா..." என்று ஆரம்பித்தாள். நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் இன்றும் நன்றாக இருக்கிறாள். உன் கல்யாணத்துக்குச் சேலை தைத்து அனுப்பியிருக்கிறாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து மாற்றினார்கள். டயகமப் பெரியவர் ஒற்றை விரலால் அடிக்கும்போது நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். "தங்கச்சி ஏன் கோவமா இருக்கு?" என்று அவர் கேட்டார்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். இனிச் சுற்ற இடமில்லை.

அந்தப் பட்டியலை நான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன். அது தானாகவே அகரவரிசையில் அடுக்கிக்கொள்ளும். மரகதத்தின் வரிக்கு நேர் மேலே இருந்த பெயர் 'மகன்'. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் கடையில்தான் முதல் மெயில் முகவரி செய்தாய். கடவுச்சொல்லை எல்லோரையும்போலச் சத்தமாகத்தான் என்னிடம் சொன்னாய். பிறகு நீ மறந்துவிட்டாய். நான் கொப்பியிலிருந்து புரோகிராமுக்கு மாற்றினேன். நீ அந்தச் சொல்லை மாற்றவே இல்லை.

கொழும்பிலிருந்து உனக்கு வேலைக் கடிதம் வந்த மாதம், நீ சாப்பிடாமல் திரிந்தாய். கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது நான் உன் மெயிலைத் திறந்தேன். உன் கூட்டாளிக்கு எழுதியிருந்தாய். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது, வேலை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், அம்மாவுக்கு இந்த வேலை பற்றியே தெரிய வேண்டாம் என்று இருந்தது. படித்துவிட்டு மூடினேன். மறு நாள் காலை, கடையில் ஐந்தாறு பேர் இருக்கும்போது, "தண்டச்சோறு தின்னுட்டு எத்தன நாளைக்கு என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு நிப்பே? ஒன்னால எனக்கு ஒத்தாசையும் இல்ல, நிம்மதியும் இல்ல. எங்கயாச்சும் போயித் தொல" என்று கத்தினேன். உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த வாரமே கொழும்புக்குப் போனாய். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஏன் அப்படிச் சொன்னீங்க என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை உள்ளேயே வைத்துக்கொண்டுதான் அந்த ஈஸ்டருக்கு வந்தாய், எனக்காக நானுஓயாவுக்கும் வந்தாய்.

நீ சுவரைப் பார்த்து நின்றபோது என் விரல் அந்த வரியில்தான் இருந்தது. நீ ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். நீ திரும்பவில்லை. என் திருட்டையும் சேர்த்து உன் கையாலேயே சைபர் எழுதி அழித்தாய், நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நிம்மதிதான் என்னை இன்றுவரை அரிக்கிறது.

இனி உன் வீட்டில் ஒரு பெண் வந்து வாழப்போகிறாள். அவளுக்கும் உனக்குத் தெரியாத சொல் ஒன்று இருக்கும். அவள் மேல் அன்பு இருக்கிறது என்பதற்காக அதைத் திறக்காதே. அன்பு இருக்கிறது என்றுதான் நான் திறந்தேன்.

உன்னை விரட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடி அந்தக் காலை வந்தாலும் விரட்டத்தான் செய்வேன். திறந்து படித்ததற்குக் கேட்கிறேன். கல்யாணத்தன்று கோவில் வாசலில் வலது பக்கம் நிற்பேன். கோபம் இருந்தால் பேசாமல் உள்ளே போ, அது உன் உரிமை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மட்டும் போ.

அம்மா